பன்னிரண்டு மெட்டுகளும் ஒரு குதிரையும்

காலியான சதுரங்கப் பலகை. அதன் மேல் ஒரே ஒரு குதிரை. 64 கட்டங்களில் எதில் வேண்டுமானாலும் அதை நிறுத்தலாம். நிறுத்திய இடத்திலிருந்து ஒரு தாவல் தாவலாம். இப்படிப் பலகை முழுவதிலும் மொத்தம் எத்தனை தாவல்கள் உண்டு?

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் கேள்வி புரியும். பென்சிலும் பொறுமையும் இருந்தால் விடையும் கிடைத்துவிடும். மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே தாவல், மூலைகள் நான்கு. மூலையை ஒட்டிய ஓரக் கட்டங்கள் எட்டிலும் மூன்று மூன்று. நான்கு தாவல் உள்ள கட்டங்கள் 20. ஆறு தாவல் உள்ளவை 16. நடுவிலுள்ள 16 கட்டங்களில்தான் குதிரை தன் முழு வீச்சான எட்டுத் தாவலும் தாவ முடியும். 8, 24, 80, 96, 128. கூட்டினால் 336.

விடை சரிதான். ஆனால் இந்த வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏன் 336 என்று கேட்டால், எண்ணிப் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பலகையை நூற்றுக்கு நூறாக்கினால் மறுபடியும் மூலை, ஓரம், நடு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குதிரையை மறந்துவிட்டு அதன் தாவலை மட்டும் பாருங்கள். இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில். புறப்பட்ட கட்டமும் இறங்கிய கட்டமும் எப்போதும் ஒரு 2×3 செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகளாக இருக்கும். ஒரு செவ்வகத்துக்கு எதிர்மூலை இணைகள் இரண்டு. ஒவ்வொரு இணையிலும் போகவும் வரவும் செய்யலாம். ஆக, ஒரு செவ்வகத்துக்கு நான்கு தாவல். இனி எண்ண வேண்டியது குதிரையை அல்ல, செவ்வகங்களை. படுத்த வாக்கில் 7×6 = 42, நின்ற வாக்கில் இன்னொரு 42. மொத்தம் 84. நான்கால் பெருக்கினால் 336.

நூற்றுக்கு நூறு பலகையா? ஒரு வாக்கில் 99×98 செவ்வகம், மறுவாக்கில் அதே அளவு. விடை 77,616. மூலை, ஓரம் எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டு குதிரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் வைத்தால் அவை ஒன்றையொன்று தாக்கும் வாய்ப்பு என்ன என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டு கட்டங்களைத் தேர்ந்தெடுக்க 64×63÷2 = 2,016 வழிகள். தாக்கும் இணைகள் 168. சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

மற்ற காய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யானை எங்கே நின்றாலும் 14 நகர்வு, ஆக 896. ராஜாவுக்கு 420, பிஷப்புக்கு 560. ராணி என்பது யானையும் பிஷப்பும் சேர்ந்ததுதான், 1,456. குதிரையைத் தவிர மற்றவற்றின் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது. குதிரையின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

ஏனென்றால் குதிரையை வைத்து மனிதர்கள் இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தையும் விடாமல், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல், குதிரை பலகை முழுவதையும் சுற்றி வர முடியுமா? முடியுமென்றால் எத்தனை விதங்களில்? கணித வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் 1759-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஆய்லரிடம் போய்விடும். நான் திருவரங்கத்துக்குப் போகிறேன்.

வேதாந்த தேசிகர் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்தவர். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் எழுதியவர். அரங்கனின் திருவடி நிலைகளைப் பாடும் அவருடைய பாதுகா சஹஸ்ரத்தில் 1,008 சுலோகங்கள் இருக்கின்றன. ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது மரபில் வரும் செய்தி. 32 பகுதிகள் கொண்ட அந்த நூலின் 30-ஆம் பகுதி சித்திர பத்ததி. சொற்களைச் சக்கரமாகவும் தாமரையாகவும் அடுக்கும் கவிகள் அதில் உள்ளன. இந்த வகை தமிழருக்குப் புதிதல்ல. தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றும் எழுகூற்றிருக்கையும் பாடியிருக்கிறார்.

சித்திர பத்ததியில் அடுத்தடுத்து வரும் இரண்டு சுலோகங்கள்தான் நம் கணக்குக்கு வேண்டியவை. இரண்டும் அனுஷ்டுப் யாப்பு. அதாவது பாதத்துக்கு எட்டெழுத்தாக நான்கு பாதம், 32 எழுத்து. முதல் சுலோகத்தை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதுங்கள். அரைச் சதுரங்கப் பலகை கிடைத்துவிட்டது. இடது மேல்மூலையில் குதிரையை வைத்து, கீழே தந்துள்ள எண்களின் வரிசைப்படி தாவிக்கொண்டே அந்தந்தக் கட்டத்தின் எழுத்தைப் படித்தால் இரண்டாம் சுலோகம் வரும். முதல் சுலோகத்தின் அதே 32 எழுத்துகள்தான். ஆனால் சொற்களும் பொருளும் வேறு.

1 – 30 – 9 – 20 – 3 – 24 – 11 – 26
16 – 19 – 2 – 29 – 10 – 27 – 4 – 23
31 – 8 – 17 – 14 – 21 – 6 – 25 – 12
18 – 15 – 32 – 7 – 28 – 13 – 22 – 5

காஷ்மீரத்து ருத்ரடர் 9-ஆம் நூற்றாண்டிலேயே காவ்யாலங்காரம் என்ற நூலில் இதே பாதையில் ஒரு குதிரைக்கவி அமைத்திருக்கிறார். அவருடையது நேராகப் படித்தாலும் குதிரைத் தாவலில் படித்தாலும் ஒரே சுலோகமாக வருவது. தேசிகர் அதே பாதையில் இரண்டு வேறு சுலோகங்களை இறக்கினார். அனுஷ்டுப்பில் பாதந்தோறும் ஐந்தாம் எழுத்து குறிலாகவும் ஆறாம் எழுத்து நெடிலாகவும் ஒலிக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. அந்த விதியை இரண்டு சுலோகங்களும் காக்க வேண்டும். பலகையில் ஒரே எழுத்து ஒரு சுலோகத்தில் மூன்றாம் இடத்திலும் மற்றதில் ஒன்பதாம் இடத்திலும் நின்று பொருள் தர வேண்டும். எண்களை நிரப்புவதே கடினம் என்று நாம் நினைக்கும் இடத்தில் அவர் சுலோகம் நிரப்பியிருக்கிறார்.

இந்த அரைப்பலகையை எண்ணிப் பார்ப்போம். முதலில் பழைய செவ்வகக் கணக்கு. நான்கு வரிசை, எட்டுப் பத்தி. படுத்த செவ்வகங்கள் 3×6 = 18; நின்றவை 2×7 = 14. மொத்தம் 32, ஒவ்வொன்றிலும் இரண்டு இணை. ஆகக் குதிரைக்கு இந்தப் பலகையில் 64 வழித்தடங்கள் உள்ளன. 32 கட்டங்களையும் ஒருமுறை சுற்றிவர அவற்றில் 31 போதும். எந்த 31?

இங்கே ஒரு சிறிய உண்மையைக் கவனிக்க வேண்டும். முதல் வரிசையையும் நான்காம் வரிசையையும் ஓர வரிசைகள் என்போம். இரண்டையும் மூன்றையும் நடு வரிசைகள் என்போம். குதிரை ஒரு தாவலில் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ மாறும். இருந்த வரிசையிலேயே இருக்காது, மூன்று வரிசை தாண்டாது. ஆகவே ஓரத்திலிருந்து கிளம்பினால் அது நடுவில்தான் இறங்க முடியும். நடுவிலிருந்து கிளம்பினால் ஓரத்துக்கும் போகலாம், மற்ற நடு வரிசைக்கும் போகலாம். இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்தது: ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் பலகை இரண்டு நாடாகப் பிரிந்துவிடுகிறது. ஓரத்தில் வெள்ளை, நடுவில் கறுப்பு. இந்த 16 கட்டங்கள் ஒரு நாடு. ஓரத்தில் கறுப்பு, நடுவில் வெள்ளை. மீதி 16 கட்டங்கள் இன்னொரு நாடு. ஓரத்து வெள்ளையிலிருந்து தாவினால் நடுவில், அதுவும் கறுப்பில், இறங்குகிறோம், நாடு மாறவில்லை. நடுக் கறுப்பிலிருந்து ஓரத்துக்குத் தாவினால் வெள்ளை, அப்போதும் மாறவில்லை. நடுவிலிருந்து நடுவுக்குத் தாவும்போது மட்டும்தான் நாடு மாறுகிறது.

தேனி மாவட்டத்துத் தேவாரம் என்ற ஊரில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகத் தெரியும். மேற்கே சுவராக நிற்கும் மலைக்கு அப்பால்தான் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகின்றன. ஆனால் நினைத்த இடத்தில் மலையேற முடியாது. மெட்டு, அதாவது மலைக் கணவாய், இருக்கும் இடத்தில்தான் கடக்கலாம். தேவாரத்துக்கு நேர் மேலே சாக்கலூத்து மெட்டு இருக்கிறது. அங்கே வண்டிச்சாலை வேண்டும் என்று ஊரார் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். வண்டிகள் வடக்கே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும், இல்லையென்றால் தெற்கே கம்பம்மெட்டுக்குப் போக வேண்டும். ஆகவே பலகையின் இரு நாடுகளில் குதிரை கிளம்பும் நாட்டைத் தேனிப் பக்கம் என்றும் மற்றதை இடுக்கிப் பக்கம் என்றும் அழைக்கிறேன். நடுவிலிருந்து நடுவுக்குத் தாவும் தடங்கள்தான் மெட்டுகள்.

மெட்டுகள் எத்தனை? இரண்டாம், மூன்றாம் வரிசைகளை மட்டும் எடுத்தால் அது 2×8 பட்டை. அதில் படுத்த செவ்வகம் ஆறு, நின்ற செவ்வகம் இல்லை. ஆறு இரண்டு பன்னிரண்டு. பலகையின் 64 தடங்களில் 26 தேனிப் பக்கத்துக்குள், 26 இடுக்கிப் பக்கத்துக்குள், 12 மெட்டுகள்.

சுற்றி முடிக்க எத்தனை முறை மெட்டைக் கடக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. விருப்பம்போல ஏறி இறங்கலாம் என்றுதான் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. குதிரை மிதிக்கும் 32 கட்டங்களை வரிசையாக எழுதுங்கள். அதில் ஓரக் கட்டங்கள் 16. இரண்டு ஓரக் கட்டங்கள் அடுத்தடுத்து வர முடியாது. ஆக அவற்றுக்கிடையே உள்ள 15 இடைவெளிகளிலும் குறைந்தது ஒரு நடுக் கட்டமாவது வேண்டும். நடுக் கட்டங்களோ 16. பதினைந்தை இடைவெளிகளில் போட்ட பிறகு மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று எங்கே போகும்? வரிசையின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்தால், ஓரம், நடு, ஓரம், நடு என்று கடைசிவரை மாறிமாறி வரும். நடுவிலிருந்து நடுவுக்குத் தாவல் எங்கும் இருக்காது. குதிரை மெட்டையே கடக்காமல் ஒரு பக்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மறுபக்கத்தின் 16 கட்டங்கள் தொடப்படாமல் கிடக்கும். ஆக, அந்த மிச்சம் ஏதோ ஓர் இடைவெளியில் இரண்டாவது நடுக் கட்டமாகத்தான் போய் உட்கார வேண்டும். அந்த இடம்தான் மெட்டு. மிச்சம் ஒன்று என்பதால் கடப்பதும் ஒரே முறை.

ஒரே முறைதான் கடக்கலாம் என்றால் திரும்பி வர வழியில்லை. கடக்கும் முன்பே தேனிப் பக்கத்தின் 16 கட்டங்களையும் முடித்தாக வேண்டும். எனவே மெட்டைக் கடக்கும் தாவல் 16-ஆம் கட்டத்திலிருந்து 17-ஆம் கட்டத்துக்கு. எந்தக் குதிரை எந்தப் பாதையில் சுற்றினாலும் இதில் மாற்றமில்லை. மேலே உள்ள எண்களில் சரிபாருங்கள்: 16 இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில், 17 மூன்றாம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில். வேறெங்கும் நடுவிலிருந்து நடுவுக்குத் தாவலே கிடையாது.

அனுஷ்டுப் சுலோகம் இரண்டு பாதிகளாகப் பிரியும். பாதிக்குப் பதினாறு எழுத்து. பதினாறாம் எழுத்தில் நிறுத்தி மூச்சு வாங்கி அடுத்த பாதியைத் தொடங்குவார்கள். குதிரை மெட்டைக் கடப்பதும் அதே இடத்தில். யாப்பு வகுத்த எல்லையும் பலகை வகுத்த எல்லையும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. இதைக் கண்டபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. இது கவிஞர் தேடிப் பிடித்த பொருத்தம் அல்ல. அவர் விரும்பினாலும் தவிர்த்திருக்க முடியாதது.

இன்னும் ஓர் அடி உள்ளே போகலாம். தேனிப் பக்கத்தின் 16 கட்டங்கள் எவை? மேல் இரண்டு வரிசைகளில் 1, 3, 5, 7-ஆம் கட்டங்கள். கீழ் இரண்டு வரிசைகளில் 2, 4, 6, 8-ஆம் கட்டங்கள். இதைச் சுலோகத்தின் பேச்சில் சொன்னால்: முதல் சுலோகத்தின் முற்பாதியில் ஒற்றைப்படை எழுத்துகளும் பிற்பாதியில் இரட்டைப்படை எழுத்துகளும் சேர்ந்துதான் இரண்டாம் சுலோகத்தின் முற்பாதி. மீதி எழுத்துகள் பிற்பாதி. தேசிகரின் பாதை 31 தாவல்களில் எத்தனையோ வளைந்தாலும், எந்த எழுத்து எந்தப் பாதியில் சேரும் என்பது முதல் எழுத்தை மூலையில் வைத்த கணத்திலேயே முடிவாகிவிட்டது. அவருக்கு மிஞ்சிய சுதந்திரம் ஒவ்வொரு பாதிக்குள்ளும் வரிசையை மாற்றுவது மட்டும்தான். அந்தக் குறுகிய இடத்துக்குள் பொருளும் யாப்பும் பக்தியும் குலையாமல் நின்றிருக்கின்றன.

புறப்பட்ட இடத்துக்கே ஒரு தாவலில் திரும்பும் மூடிய சுற்று இந்தப் பலகையில் கிடையாது என்பதும் இதோடு விளங்கிவிடும். தொடக்கமும் முடிவும் ஓரக் கட்டங்கள். ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தாவ முடியாது. நான்கு வரிசை உள்ள எந்தப் பலகைக்கும், அது எவ்வளவு நீளமானாலும், இந்த முடிவு பொருந்தும். வரிசையையும் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வாதத்தை ஹங்கேரியின் லாயோஷ் போஷா பதின்ம வயதில் கண்டதாகக் கணித நூல்கள் குறிக்கின்றன. சதுரங்கத்தில் 2024 டிசம்பரில் பதினெட்டு வயது குகேஷ் உலகப் பட்டம் வென்றதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு, பலகையை வைத்து அதே வயதில் இப்படியும் ஒன்றைச் செய்யலாம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்து, எத்தனை விதம் என்ற கேள்வி. 32 கட்டங்களில் கண்மூடித்தனமாகத் தேடினால் தடம் பிடிப்பது கடினம். மெட்டு இருப்பதால் வேலை பாதியல்ல, பாதியிலும் பாதியாகக் குறைகிறது. தேனிப் பக்கத்தை மட்டும் முழுக்கச் சுற்றி ஒரு மெட்டின் அடியில் வந்து நிற்கும் வழிகளை எண்ணுங்கள். அந்த மெட்டின் மறுபுறத்திலிருந்து இடுக்கிப் பக்கத்தைச் சுற்றி முடிக்கும் வழிகளை எண்ணுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். எல்லா மெட்டுகளுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் விடை.

மண்ணில் குச்சியால் கோடு போட்டே செய்யக்கூடிய அளவில் முதலில் ஒன்று: நான்கு வரிசை, மூன்று பத்தி, 12 கட்டம். ஒவ்வொரு நாட்டிலும் ஆறு கட்டம். தேனிப் பக்கத்துத் தடங்களை வரைந்தால் ஆறு கட்டங்களும் ஒரே வளையமாகக் கோத்துக்கொள்வதைக் காண்பீர்கள். முதல் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் வரிசையின் மூன்றாம் கட்டம், அங்கிருந்து நான்காம் வரிசையின் நடுக் கட்டம், பிறகு இரண்டாம் வரிசையின் முதல் கட்டம், முதல் வரிசையின் மூன்றாம் கட்டம், மூன்றாம் வரிசையின் நடுக் கட்டம், மறுபடி கிளம்பிய இடம். வளையத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வந்து முடிய இரண்டே வழி: வலமாக வரலாம், இடமாக வரலாம். மறுபக்கமும் அதே வளையம், அதே இரண்டு வழி. மெட்டுகள் இரண்டு. 2×2×2 = 8. ஒரு சுற்றையும் அதைப் பின்னோக்கி நடப்பதையும் ஒன்றாகவே கணக்கிட்டால், 12 கட்டப் பலகையில் குதிரைச் சுற்றுகள் எட்டே எட்டு. ஒன்று விடாமல் எட்டையும் ஒரு பிள்ளையால் வரைந்து காட்ட முடியும்.

தேசிகரின் 4×8 பலகையில் ஒவ்வொரு பக்கமும் 16 கட்டம்; வளையமாக அல்ல, வலையாகப் பின்னிக் கிடக்கும். முறை அதேதான். பன்னிரண்டு மெட்டுகளும் பலகையை மேல்கீழாகவும் இடவலமாகவும் புரட்டினால் ஒன்றோடொன்று பொருந்தி, நான்கு நான்காக மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஆகவே வகைக்கு ஒன்று எடுத்துக் கூட்டி நான்கால் பெருக்கினால் போதும். அந்தக் கூட்டுத்தொகை 7,772. நான்கால் பெருக்கினால் 31,088. கவிஞருக்கு முன் திறந்திருந்த பாதைகள் இத்தனை. ருத்ரடரும் தேசிகரும் நடந்தது அவற்றில் ஒன்று.

அந்த ஒன்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முடியும் 32-ஆம் கட்டம் கீழ் வரிசையின் மூன்றாம் இடம். அதே அரைப்பலகையை இன்னொரு முறை கீழே ஒட்டவைத்தால், இங்கிருந்து ஒரே தாவலில் கீழ்ப் பலகையின் இடது மேல்மூலைக்குப் போய்விடலாம். அங்கிருந்து அதே பாதையைத் திரும்ப நடந்தால் 64 கட்டங்களும் நிரம்பிவிடும். பழையவர்கள் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்து மனப்பாடமாக வைத்திருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

முழுப் பலகைக்கு வந்தால் மெட்டுக் கணக்கு கைகொடுப்பதில்லை. எட்டு வரிசை இருக்கும்போது ஓரத்துக்கு அடுத்து நடு என்ற கட்டாயம் உடைந்துவிடுகிறது. குதிரை எங்கிருந்தும் எங்கும் கலந்து ஓடும். 8×8 பலகையில் மூடிய சுற்றுகள் எத்தனை என்பது ஆய்லருக்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விடை தெரியாமலே கிடந்தது. 1996-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் லோபிங், இங்கோ வேகனர் இருவரும் கணினியால் எண்ணி ஒரு விடையை வெளியிட்டார்கள்: 3,34,39,12,34,84,294. கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண்ணைப் போட்டிருந்தார்கள்.

அந்த எண்ணை நான்கால் வகுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 94, இரண்டு மிஞ்சுகிறது. ஒரு மூடிய சுற்றை எடுத்துப் பலகையைத் திருப்பியும் புரட்டியும் பார்த்தால் எட்டுக் கோலங்கள் கிடைக்கும். 8×8 பலகையில் ஒரு சுற்று தன்னைப் போலவே தோன்றக்கூடிய ஒரே திருப்பம் அரைச்சுற்று. கால்திருப்பத்திலோ கண்ணாடிப் புரட்டிலோ அது தன்னைப் போல் வரவே முடியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றும் எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது, அல்லது நான்கு பேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது. மொத்தம் நான்கால் வகுபட்டே தீர வேண்டும். பல லட்சம் கோடிகளைக் கணினி எண்ணித் தந்த விடை ஒரு வகுத்தலில் நிற்கவில்லை. கட்டுரையாளர்கள் பிழையை ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1997-இல், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே வேறொரு முறையில் எண்ணினார். போவதையும் வருவதையும் ஒன்றாகக் கொண்டால் மூடிய சுற்றுகள் 1,32,67,36,44,10,532. ஏறத்தாழ 13 லட்சம் கோடி. கடைசி இரண்டு இலக்கம் 32. நான்கால் மீதியின்றி வகுபடுகிறது. லோபிங்கும் வேகனரும் தங்கள் முறையைத் திருத்தி மீண்டும் ஓட்டியபோது அவர்களுக்கும் அதே எண்தான் வந்தது.